மணலும் நீரும் கைகோத்தால்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், ஃபோர்ட் மெக்மர்ரி என்ற ஊருக்கு வடக்கே, எண்ணெயை மண்வாரி இயந்திரங்களால் வெட்டி எடுக்கிறார்கள். பிட்டுமன் என்ற கெட்டியான எண்ணெய் அங்கே மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கிறது. அதபாஸ்கா எண்ணெய் மணல் என்பது அதன் பெயர். வெட்டியெடுத்த மண்ணின் எடையில் பிட்டுமன் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணல். ஒரு பீப்பாய் எண்ணெய் வேண்டுமானால் சுமார் இரண்டு டன் மண்ணை வெட்டியாக வேண்டும்.

வெந்நீர் விட்டுக் கலக்கினால் பிட்டுமன் மணலை விட்டுப் பிரியும் என்று 1920களில் கார்ல் கிளார்க் என்ற வேதியியலாளர் செய்து காட்டினார். இன்றைய சுரங்கங்களும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஆனால் மண் ஆலைக்குப் போகும் விதம் 1990களில் மாறிவிட்டது. அதுவரை கன்வேயர் பட்டைகளில் ஏற்றி அனுப்பிய மண்ணை இப்போது சுரங்க ஓரத்திலேயே நொறுக்கி, வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் குழம்பாக்கி, எஃகுக் குழாய்களில் பம்ப் செய்து அனுப்பத் தொடங்கினார்கள். சில கிலோமீட்டர் தூரம் போவதற்குள் மண்கட்டிகள் உடைந்து, எண்ணெய் மணலை விட்டுக் கழன்றுவிடுகிறது. ஆலையில் செய்யவேண்டிய வேலையில் பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. அந்த லாபத்துக்கு ஈடாகத் தேய்வது குழாயின் உட்சுவர்.

எவ்வளவு தேயும் என்று புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போடலாம். உள்விட்டம் 70 சென்டிமீட்டர் உள்ள குழாயில், நீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியான குழம்பு விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8,000 டன்னுக்கு மேல் குழம்பு அந்தக் குழாயைக் கடக்கும். அதில் பாதிக்கு மேல் திடப்பொருள். மணல் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் என்று கொண்டால்கூட, ஒரு மணி நேரத்தில் 20 லட்சம் கோடிக்கும் அதிகமான மணல்கள் அந்த வழியே போகின்றன. இது இரவு பகலாக, ஆண்டு முழுவதும் நடக்கிறது.

வேகத்தைக் குறைத்தால் ஆகாதா? ஆகாது. ஒரு வரம்புக்குக் கீழே போனால் மணல் குழாயின் அடியில் படிந்து, மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளும். அந்த வரம்புக்கு மேலே ஓட்டினாலும் கனமான துகள்கள் அடிப்பகுதியில்தான் உரசிக்கொண்டு போகும். அதனால் குழாயின் அடிப்பாகம் முதலில் மெலிகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை குழாயைக் கழற்றி, ஒரு பங்கு சுழற்றி, தேயாத பக்கத்தை அடியில் கொண்டுவந்து மாட்டுவது இத்தகைய குழாய்வழிகளில் வழக்கமான பராமரிப்பு. எல்லாப் பக்கமும் தேய்ந்தபின் குழாயைக் கழித்துவிடுகிறார்கள்.

மணலுக்கு முன் எஃகு மென்மையானது

எஃகு என்றால் கடினம் என்பது நம் கைகளுக்குத் தெரிந்த உண்மை. மணலுக்கு அது செல்லுபடியாகாது. பொருள்களின் கடினத்தை அளக்க, வைரப் பிரமிடு ஒன்றைக் குறிப்பிட்ட எடையில் அழுத்தி, விழும் பள்ளத்தின் அளவைப் பார்ப்பார்கள். இதில் கிடைப்பது விக்கர்ஸ் எண். குழாய்வழிகளுக்குப் பயன்படும் எக்ஸ்65, எக்ஸ்70 வகை எஃகின் விக்கர்ஸ் எண் 200ஐ ஒட்டி இருக்கும். குவார்ட்ஸ் மணலுக்கு ஆயிரத்துக்கும் மேல். ஐந்து மடங்கு கடினமான துகள் மோதும்போது எஃகுதான் விட்டுக்கொடுக்கும்.

எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, இயன் ஃபின்னி. அவர் 1960இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் இன்றும் தொடக்கப் பாடம். துகள் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்று அவர் காட்டினார். எஃகு போல வளைந்துகொடுக்கும் உலோகத்தில், துகள் 20 முதல் 30 டிகிரி சாய்வில் வந்தால் சேதம் அதிகம். அது மேற்பரப்பைச் செதுக்கிக்கொண்டு போகும். கண்ணாடி, பீங்கான் போன்ற நொறுங்கும் பொருள்களில் நிலைமை தலைகீழ். சாய்வாக வருவதைத் தாங்கிக்கொள்ளும். நேர் எதிரே, 90 டிகிரியில் வந்தால் விரிசல் விட்டுச் சில்லாகப் பெயரும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இது திரும்பத் தலைகாட்டும்.

அடுத்தது வேகம். தேய்மானம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. வேகத்தின் 2 முதல் 3 வரையான அடுக்கில் ஏறுகிறது. அடுக்கு 2.5 என்று கொண்டால், வேகம் இரட்டிப்பாகும்போது தேய்மானம் ஐந்தரை மடங்கைத் தாண்டும். குழாய் குறுகும் இடம், வால்வு, பம்ப்பின் உட்புறம் ஆகியவை நேர்க்குழாய்க்கு வெகு முன்னரே ஓட்டையாவதற்கு இதுவே காரணம். எல்போ எனப்படும் வளைவுகளில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நீர் வளைந்து போய்விடும். கனமான மணல் வளைய மறுத்து வெளிச்சுவரில் போய் மோதும். துகளின் விட்டம் நான்கு மடங்கானால் எடை 64 மடங்கு என்பதால், குழம்பில் கொஞ்சமாக இருக்கும் பெரிய கற்களே வளைவுகளில் அதிகச் சேதம் செய்கின்றன.

எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கடினத்தை 200இலிருந்து 400க்குக் கொண்டுபோகலாம். அப்போதும் குவார்ட்ஸ் முன்னால் அது மென்மையானதுதான். மேற்பரப்பு மோதும் துகளின் கடினத்தை எட்டும்போதுதான் தேய்மானம் சரசரவென்று இறங்குகிறது. அதற்குக் கீழே எத்தனை படி ஏறினாலும் கிடைக்கும் பலன் சொற்பம்.

நீர் செய்யும் வேலை

இதுவரை சொன்னது வெறும் மணலின் கதை. மணலைச் சுமந்து வரும் நீருக்கும் இரும்பின் மேல் ஒரு கண் உண்டு. இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. நீரில் கலந்துள்ள ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். ஆகவே இந்த அரிமானத்தை மின்னோட்டமாக அளக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லி ஆம்பியர் ஓடினால், இரும்புச் சுவர் ஆண்டுக்கு 11.6 மில்லிமீட்டர் கரையும். அதில் பத்தில் ஒரு பங்கு ஓடினால்கூட ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும்.

தேங்கிய நீரில் இரும்பு அந்த வேகத்தில் கரைவதில்லை. இரண்டு தடைகள் அதைக் காப்பாற்றுகின்றன. சுவரை ஒட்டி நகராமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் ஒரு தடை. ஆக்சிஜன் அதைக் கடந்துதான் இரும்பை அடைய முடியும். இரும்பின் மேல் படியும் துருவும் மற்ற உப்புகளும் இன்னொரு தடை. கரியமிலவாயு கலந்த எண்ணெய்க் கிணற்று நீரில் இரும்புக் கார்பனேட் படலம் சுவரை இறுக மூடி, அரிமானத்தைப் பெருமளவு அடக்கிவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ரகசியமும் இதுதான். குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று, சில நானோமீட்டர் தடிமனில், அதை எப்போதும் போர்த்தியிருக்கிறது. கீறினால் நொடிப்பொழுதில் மறுபடி வளர்ந்துவிடும்.

இப்போது ஓடும் நீரில் மணலைப் போடுங்கள். வேகமான ஓட்டம் சுவரோர நீர்ப்படலத்தை மெலிதாக்கி, ஆக்சிஜனுக்கு வழிவிடுகிறது. மணல் துருப்படலத்தை உராய்ந்து எடுத்துவிடுகிறது. புது இரும்பு வெளியே தெரிகிறது, கரைகிறது, படலம் கட்டத் தொடங்குகிறது, அதற்குள் அடுத்த மணல் வந்துவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் படலம் வேகமாக வளர்வது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை வளரும்போதும் கொஞ்சம் உலோகம் செலவாகிறது. விநாடிக்கு எத்தனை கீறலோ அத்தனை முறை செலவு. விலை கூடிய எஃகு குழம்புக் குழாயில் எதிர்பார்த்த பலனைத் தராமல் போவது இதனால்தான்.

உதவி ஒருவழிப் பாதையாகவும் இல்லை. அரிமானமும் மணலுக்கு உதவுகிறது. ஒரு மணல் மோதினால் உலோகம் உடனே பெயர்வதில்லை. பெரும்பாலும் விளிம்பில் மடிந்து, மெல்லிய செதிலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இன்னும் பல மோதல்களுக்குப் பிறகு விழவேண்டிய செதிலின் வேரை நீர் கரைத்து, முன்கூட்டியே விழவைக்கிறது. தொடர் அடியால் மேற்பரப்பு கொஞ்சம் இறுகியிருந்தால், அந்த இறுகிய தோலையும் கரைத்து எடுத்துவிடுகிறது. கரைந்த இடங்களில் குழிகள் உண்டாகி, நீர் சுழித்து, மணல் இன்னும் மோசமான கோணங்களில் மோதுகிறது.

ஒன்றும் ஒன்றும் மூன்று

இந்தக் கூட்டணியின் பலத்தை அளக்க ஒரு நேர்த்தியான சோதனை உண்டு. ஒரே மாதிரியான எஃகுத் துண்டுகள் மூன்றை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் துண்டின் மேல், மணல் கலக்காத உப்புநீரைப் பீய்ச்சுகிறார்கள். இழந்த எடை அரிமானத்தின் கணக்கு. இரண்டாவது துண்டின் மேல் மணலும் நீரும் சேர்த்துப் பீய்ச்சும்போது, வெளியிலிருந்து எலெக்ட்ரான்களைச் செலுத்தி எஃகு கரையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கப்பலின் செப்புத் தகட்டைக் காக்க 1824இல் ஹம்ஃப்ரி டேவி சொன்ன அதே எதிர்மின் பாதுகாப்பு முறை. இதில் இழந்த எடை வெறும் தேய்மானத்தின் கணக்கு. மூன்றாவது துண்டைக் காப்பு எதுவுமில்லாமல் மணலுக்கும் நீருக்கும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது துண்டின் இழப்பு முதல் இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக வரும். அந்த மிகுதிதான் கூட்டுவிளைவு. இதைக் கணக்கிடும் முறையை ஏ.எஸ்.டி.எம். அமைப்பு ஜி119 என்ற எண்ணில் தரப்படுத்தியிருக்கிறது. எஃகு வகை, நீரின் உப்பு, வேகம், மணலின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து அந்த மிகுதி கூடும், குறையும். சில நிலைமைகளில் தனித்தனி இழப்புகளைவிட மிகுதியே பெரிதாக நிற்பதும் உண்டு. பிரிட்டனில் ஆன் நெவில், ராபர்ட் வுட் போன்றவர்களின் ஆய்வுக்குழுக்கள் இந்தக் கூட்டுவிளைவை எஃகுகளிலும் கடினப் பூச்சுகளிலும் பல ஆண்டுகள் அளந்திருக்கின்றன.

இந்தச் சோதனை பொறியாளருக்குச் சொல்லும் செய்தி எளிது. தேய்மானத்துக்கென்று ஒரு பொருளையும் அரிமானத்துக்கென்று இன்னொரு பொருளையும் தனித்தனிப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரண்டையும் சேர்த்துச் சோதித்த பொருளைத்தான் நம்பலாம்.

பூச்சுக்கு முன் யோசிக்க வேண்டியவை

கடினப் பூச்சு விலை அதிகம். அதற்கு முன் வேறு வழிகள் உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை. பிரேசிலின் சமார்கோ இரும்புத்தாதுக் குழாய்வழி 1977இல் ஓடத் தொடங்கியது. நீளம் 396 கிலோமீட்டர். இத்தகைய நெடுந்தூரக் குழாய்களில் தாதுவை மாவாக அரைத்து அனுப்புகிறார்கள். நுண்ணிய துகள் நீரோடு சேர்ந்து வளைந்துவிடும், சுவரில் மோதாது. சீக்கிரம் படியாது என்பதால் வேகமும் குறைவாக வைக்கலாம். சுண்ணாம்பு கலந்து நீரைக் காரமாக்கினால் அரிமானமும் அடங்கும். சாதாரண எஃகே பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும்.

ரப்பர், பாலியூரித்தேன் போன்ற மென்மையான உறைகளும் நல்ல வழிதான். மணல் மோதினால் அமுங்கி, திரும்பத் தள்ளிவிடும். நீர் எஃகைத் தொடாததால் அரிமானமும் இல்லை. கூரான பெரிய கல் வந்தால் கிழியும் என்பது ஒரு குறை. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும் என்பது இன்னொன்று. அதபாஸ்கா குழம்பில் கல்லும் உண்டு, எண்ணெயும் உண்டு, சூடும் உண்டு. மண்ணை மாவாக அரைக்கவும் முடியாது. அரைத்தால் எண்ணெயைப் பிரிப்பது கடினமாகிவிடும். இப்படி மற்ற கதவுகள் மூடிய இடத்தில்தான் கடினப் பூச்சின் தேவை எழுகிறது.

மணலைவிடக் கடினமான ஒரு தோல்

குவார்ட்ஸை வெல்லக்கூடிய பொருள்கள் இயற்கையில் குறைவு. ஆலையில் செய்யக்கூடியவற்றில் முதலிடம் கார்பைடுகளுக்கு. குரோமியம் கார்பைடின் விக்கர்ஸ் எண் 1,300க்கு மேல். டங்ஸ்டன் கார்பைடுக்கு 2,000க்கு மேல். தனியாக எடுத்தால் டங்ஸ்டன் கார்பைடு நொறுங்கிவிடும். அதன் பொடியைக் கோபால்ட் உலோகத்தோடு கலந்து சூட்டில் இறுக்கினால் கடினமும் உறுதியும் ஒருசேரக் கிடைக்கும் என்று ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் கண்டார். பல்பு இழைக்கான டங்ஸ்டன் கம்பியை இழுக்கும் அச்சுகளுக்காக நடந்த தேடல் அது. லேத் பட்டறைகளில் இன்று உள்ள கார்பைடு டிப் அதன் வாரிசு. கடினமான கார்பைடுத் துகள்கள் செங்கல் என்றால், கோபால்ட் அவற்றைப் பிடித்து நிறுத்தும் சாந்து. சுவரின் பலம் செங்கலில் மட்டும் இல்லை என்பதைக் கொத்தனார் அறிவார். இந்த அத்தியாயத்தின் மையக் கருத்தும் அதுவே.

இந்தக் கலவையைக் குழாய் எஃகின் மேல் ஏற்ற இரண்டு பெரிய வழிகள் உள்ளன.

ஒன்று, வெல்டிங். 25 முதல் 30 சதவீதம் குரோமியமும் நிறையக் கார்பனும் கொண்ட கலவையை மின்வில்லில் உருக்கி, எஃகின் மேல் பல மில்லிமீட்டர் கனத்துக்குப் படியவைக்கிறார்கள். உருகிய உலோகம் ஆறும்போது அதற்குள்ளேயே குரோமியம் கார்பைடு ஊசிகள் விளைகின்றன. இன்னும் கடினம் வேண்டுமானால், பிளாஸ்மா சுடரில் நிக்கல் கலவையை உருக்கி, அதற்குள் டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைத் தூவுகிறார்கள். சூடு மிஞ்சினால் கார்பைடு கரைந்துவிடும். அடர்த்தி அதிகம் என்பதால் அடியில் போய்த் தங்கவும் பார்க்கும். வெல்டரின் கைப்பக்குவத்துக்கும் இயந்திரக் கட்டுப்பாட்டுக்கும் ஒருசேரச் சோதனை வைக்கும் வேலை இது.

இரண்டாவது, பீய்ச்சித் தெளிப்பது. உலோகத்தை உருக்கித் தெளிக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் ஷூப் உருவாக்கினார். இன்று கார்பைடுக்குப் பெரிதும் பயன்படுவது 1980களில் பரவிய எச்.வி.ஓ.எஃப். முறை. மண்ணெண்ணெயோ ஹைட்ரஜனோ ஆக்சிஜனோடு சிறு அறையில் எரிகிறது. அந்த வாயு ஒரு நாசில் வழியே ஒலியை மிஞ்சிய வேகத்தில் வெளியேறும்போது, 15 முதல் 45 மைக்ரோமீட்டர் அளவுள்ள பொடியை அதில் செலுத்துகிறார்கள். பொடி பாதி உருகிய நிலையில், விநாடிக்கு 600 மீட்டர் அளவிலான வேகத்தில் எஃகில் மோதித் தட்டையாகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்கு வாகாக எஃகை முன்னரே பிளாஸ்டிங் செய்து சொரசொரப்பாக்கியிருப்பார்கள். அடுக்கு மேல் அடுக்காகச் சுமார் 0.3 மில்லிமீட்டர் கனம் சேர்கிறது. நன்றாகத் தெளித்த பூச்சில் காற்றுத் துளைகள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. விக்கர்ஸ் எண் 1,000 முதல் 1,300 வரை.

சூட்டைவிட வேகத்தை நம்புவதுதான் இந்த முறையின் சூட்சுமம். டங்ஸ்டன் கார்பைடு மிகவும் சூடானால் தன் கார்பனை இழந்து, நொறுங்கும் தன்மையுள்ள வேறொரு கார்பைடாக மாறிவிடும். குறைந்த சூட்டில், அதிக வேகத்தில் அடித்தால் அந்த மாற்றம் குறைகிறது.

பலவீனம் எங்கே

இனி, செங்கலை விட்டுச் சாந்துக்கு வருவோம். கோபால்ட் மணலைத் தாங்கிக்கொள்ளும். அமிலத்தன்மையோ குளோரைடோ உள்ள நீரைத் தாங்காது. கார்பைடுகளுக்கு நடுவே உள்ள கோபால்ட் மெல்லக் கரைந்தால், 2,000 விக்கர்ஸ் கடினமுள்ள துகள்கள் பிடிமானம் இழந்து, தேயாமலே உதிர்ந்துவிடும். பூச்சின் கடினம் கடைசிவரை குறையவில்லை. ஆனால் பூச்சு இல்லை. இதற்குத் தீர்வாகத்தான் கோபால்ட்டோடு குரோமியம் சேர்த்தார்கள். எடையில் 86 பங்கு டங்ஸ்டன் கார்பைடு, 10 பங்கு கோபால்ட், 4 பங்கு குரோமியம் என்ற கலவை ஈரமான சூழலுக்கு இன்று ஏறக்குறைய நிலைபெற்ற தேர்வு. இமாச்சலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றின் குவார்ட்ஸ் வண்டல் அறுக்கும் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலைய டர்பைன்களுக்கும் இந்தக் குடும்பப் பூச்சைத்தான் தெளிக்கிறார்கள்.

செங்கற்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் முக்கியம். வரும் மணல் அந்த இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால், கார்பைடுகளின் தலையில் உரசிக்கொண்டு கடந்துவிடும். சிறிதாக இருந்தால் இடைவெளிக்குள் புகுந்து சாந்தைச் சுரண்டும். பெரிய கார்பைடுத் துகள்கள் கொண்ட வெல்டிங் பூச்சு, கற்களுக்கு எதிராகச் சிறந்தும் நுண்மணலுக்கு எதிராகத் தாழ்ந்தும் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது பலவீனம் துளை. குரோமியம் கார்பைடு வெல்டிங் பூச்சு ஆறும்போது சுருங்கி, குறுக்கே மெல்லிய விரிசல்கள் விடும். அழுத்தம் தணிய அது தேவை என்று தயாரிப்பாளர்களும் அனுமதிக்கிறார்கள். தெளித்த பூச்சிலும் அடுக்குகளுக்கு இடையே ஊடுவழிகள் இருக்கலாம். உலர்ந்த நிலக்கரியோ தாதுவோ ஓடும் இடத்தில் இதனால் கேடில்லை. உப்புநீர் ஓடும் இடத்தில் கதை வேறு. நீர் துளை வழியே இறங்கி அடியில் உள்ள எஃகைத் தொடுகிறது. அந்த நீரில் பூச்சும் எஃகும் ஒரு பேட்டரியின் இரு முனைகளாகிவிடுகின்றன. கரையும் முனை எஃகு. பூச்சின் பரப்பு முழுவதும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டிருக்க, அவற்றைக் கொடுக்கவேண்டிய எஃகு ஊசிமுனை அளவே வெளித்தெரிகிறது. பரந்த இடத்தின் அரிமானம் முழுவதும் அந்தப் புள்ளியில் குவிகிறது. பூச்சே இல்லாத குழாய் சீராகத் தேய்ந்து ஆண்டுகளில் மெலியும். ஓட்டைப் பூச்சுள்ள குழாய் ஓரிடத்தில் ஆழக் குழிந்து அதற்கு முன்பே பொத்துக்கொள்ளக்கூடும். துளைகளைப் பிசின் கொண்டு அடைப்பதும், அரிமானம் தாங்கும் நிக்கல் கலவையை முதலில் ஓர் அடுக்கு இட்டு, அதன் மேல் கார்பைடு ஏற்றுவதும் இதற்கான மருந்துகள்.

நான்காவது, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன கோணம். கடினப் பூச்சு நொறுங்கும் சாதி. மணல் சாய்வாக உரசும் நேர்க்குழாயிலும் நீண்ட வளைவுகளிலும் அது ராஜா. குழம்பு நேர் எதிரே வந்து மோதும் டி-இணைப்பின் சுவரில் அதே பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரலாம். அங்கே கார்பைடைக் கொஞ்சம் குறைத்து, பிணைப்பு உலோகத்தைக் கூட்டுவதே சரியான முடிவு.

குழாய்க்குள் கை நுழையுமா?

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் நடைமுறையில் ஒரு தடை நிற்கிறது. தேய்வது குழாயின் உட்புறம். எச்.வி.ஓ.எஃப். துப்பாக்கி எஃகிலிருந்து ஏறக்குறைய கால் மீட்டர் தள்ளி நின்று, நேருக்கு நேர் பீய்ச்ச வேண்டும். ஒடுக்கமான குழாய்க்குள் அதற்கு இடமில்லை. உள்ளே நுழையும் சிறிய துப்பாக்கிகள் வந்திருக்கின்றன என்றாலும், நீளமான, வளைந்த, குறுகலான குழாய்க்கு அவையும் போதவில்லை.

தெளிக்க முடியாத இடத்தில் ஊறவைக்கலாம். எஃகைப் போரான் சேர்மங்களோடு அடைத்து, 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் சூடாக்கினால், போரான் அணுக்கள் உள்ளே ஊடுருவி, மேற்பரப்பையே இரும்பு போரைடாக மாற்றுகின்றன. கடினம் குவார்ட்ஸைத் தாண்டும். இது மேலே ஒட்டியதன்று. எஃகிலிருந்தே விளைந்தது என்பதால் உரிந்து வராது. பொடியும் வாயுவும் எட்டும் இடமெல்லாம் பலிக்கும் என்பதால் நீண்ட குழாயின் உட்புறத்துக்கு ஏற்றது. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் என்பது அதன் எல்லை.

இன்னொரு வழி, பார்ப்பவரை அசத்தக்கூடியது. தண்டவாளங்களைப் பற்றவைக்கும் தெர்மிட் கலவையை அறிவீர்கள். இரும்பு ஆக்சைடும் அலுமினியப் பொடியும் கலந்தது. அதைக் குழாய்க்குள் கொட்டி, குழாயை வேகமாகச் சுழற்றிக்கொண்டே பற்றவைக்கிறார்கள். 2,000 டிகிரியைத் தாண்டும் சூட்டில் உள்ளே உருகிய இரும்பும் உருகிய அலுமினாவும் உண்டாகின்றன. கனமான இரும்பு சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டுக் குழாய்ச் சுவரோடு ஒட்டுகிறது. இலேசான அலுமினா உட்புறம் தங்கி, ஆறியதும் பீங்கான் உறையாகிவிடுகிறது. இந்த முறையை 1980களில் ஜப்பானில் ஒசாமு ஓதாவாரா வளர்த்தெடுத்தார். சாம்பல், நிலக்கரித்தூள், தாதுக் குழம்பு கொண்டுசெல்லும் குழாய்களில் இன்று அது புழங்குகிறது.

அளவுகோலைக் கீழே வைக்காதீர்கள்

ஆக, முழுக் குழாய்வழிக்கும் ஒரே பூச்சு என்று எவரும் பரிந்துரைப்பதில்லை. நேர்க்குழாய்க்குக் கனமான சுவரும் சுழற்றி மாட்டுதலும், வளைவுக்கு வெல்டிங் பூச்சு, வால்வின் உள்ளுறுப்புக்குத் தெளித்த கார்பைடோ முழுக் கார்பைடோ, பம்ப்புக்குக் குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பு என்று இடத்துக்கு ஏற்ற வைத்தியம். எந்த இடத்தில் எது மெலிகிறது என்று அல்ட்ராசோனிக் கருவியால் தடிமனைத் தொடர்ந்து அளந்தால்தான் இந்த வைத்தியத்தைச் சரியாக எழுத முடியும்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையம் சாட்சி. 2004 ஆகஸ்ட் 9 அன்று, அதன் மூன்றாவது அலகின் டர்பைன் கூடத்தில், 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெந்நீர்க் குழாய் வெடித்தது. அந்தக் குழாயில் மணல் இல்லை, கதிரியக்கமும் இல்லை. தூய நீரின் வேகமான ஓட்டமே எஃகின் காப்புப் படலத்தை ஓயாமல் கரைத்துக்கொண்டிருந்தது. 10 மில்லிமீட்டராக இருந்த சுவர், மிக மெலிந்த இடத்தில் 0.4 மில்லிமீட்டராகியிருந்தது. 1976இல் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தின் தடிமனை ஒருமுறைகூட அளக்கவில்லை. ஆய்வுப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. பராமரிப்புக்கான முன்னேற்பாடுகளில் இருந்த பணியாளர்களில் ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் சாம்பல் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சாம்பல் குழம்பும் துகளும் நீரும் சேர்ந்ததுதான். அங்கே பொத்தல் விழுந்த குழாயின் செலவை மீனவர்களின் வலைகளும் சுமந்தன.

கடினப் பூச்சு குழாயின் ஆயுளைக் கூட்டும். எவ்வளவு கூட்டும் என்பதைக் கார்பைடின் கடினம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் உலோகம் அந்த நீரில் கரையாமல் நிற்கிறதா, பூச்சு துளையின்றி மூடியிருக்கிறதா, மோதும் கோணத்துக்கு ஏற்றதா என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பூச்சு விற்க வருபவர் விக்கர்ஸ் எண்ணை மட்டும் காட்டினால், மணலும் நீரும் சேர்ந்த சோதனையின் முடிவைக் கேளுங்கள். வாங்கிப் பூசிய பிறகும் அந்த வளைவை ஆய்வுப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள்.